மடிக்கணினியை மடியில் வைக்காதீங்க, தம்பிகளா

கல்யாணமாகி குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது காரணமில்லாமல் இல்லை. விந்தணு உருவாக விரைகளின் சூடு, உடலின் சூடான 37 டிகிரியைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். குளிரில் விரைப்பை சுருங்கி மேலேறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். அப்படித்தான் அது சூட்டைச் சமாளிக்கிறது.

கோலாலம்பூரில் நாள் முழுக்க கிராப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) ஓட்டுபவர்கள் தொடையை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குக் காற்றே போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம்கட்டி ஐந்து நிமிடம் நடங்கள். இறுக்கமான ஜீன்ஸைக் குறையுங்கள், வீட்டில் கைலி போதும் (நம் தாத்தாமார் உடை, இந்த ஊர் வெயிலுக்கு அதைவிட நல்லது எது?). மடிக்கணினிக்கு மேசைதான் இடம். வெந்நீர்த் தொட்டி, சானா (சூட்டு அறைக் குளியல்) இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் இன்று மாற்றினால் அடுத்த வாரமே பலனை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் மனைவியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.

விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரியானாலும்.