நண்பரின் நினைவாக ஓட்டமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புற்றுநோயில் இழந்த சக ஊழியரின் நினைவாக ஓட்டம் நடத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் ஓடுவது ஃபிளெக்ஸ் கடைக்கு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இன்ன நோயால் இறந்தார் என்று ஊரறியப் பலகை வைப்பதைக் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் விரும்பாமல் போகலாம். அந்தத் தயக்கம் சரியா என்று வாதாடுவது நம் வேலையல்ல. எந்தப் படம், நோயின் பெயர் வேண்டுமா என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யட்டும். தலைத்திவசத்தன்றே ஓட்டத்தை வைத்து, திதிக்கும் மைக்குக்கும் நடுவில் அவர்களை அலையவிடாதீர்கள்.

விளம்பரதாரர் விஷயத்திலும் கறாராக இருங்கள். நகைக்கடையும் டிராக்டர் கடையும் டி-சர்ட்டின் நெஞ்சை நிறைத்துவிட, இறந்தவரின் பெயர் அக்குள் பக்கம் ஒதுங்குவது பார்க்கச் சகிக்காது. புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் 1980இல் 143 நாள் கனடாவில் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் லாபம் பார்க்க விடவில்லை.

தேதியும் பாதையும் காவிரி டெல்டாவில் தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, சித்திரை வெயிலுக்கு. தை, மாசி இதமானதுதான், ஆனால் அது சம்பா அறுவடைக் காலம். கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல் வைத்திருப்பார்கள். சிதறிய நெல்மணி மேல் ஓடினால் கால் வழுக்கும். நெல்லை அள்ளச் சொல்ல நமக்கு உரிமையில்லை, பாதையைத்தான் மாற்ற வேண்டும். ஆற்றங்கரைச் சாலை படத்துக்கு அழகு. பல இடங்களில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், 108 வண்டி திரும்ப இடமிருக்காது. காவல் துறை அனுமதி கேட்கும்போதே இதையும் பேசிவிடுங்கள். நாற்காலியிலேயே இருபது வருடம் உட்கார்ந்த அலுவலகத்தாரைப் பத்து கிலோமீட்டர் ஓடச் சொல்லாதீர்கள். மூன்று போதும், நடப்பவர் நடக்கட்டும். தண்ணீர் பாக்கெட் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை. குடமும் டம்ளரும் வையுங்கள்.

பணத்தில்தான் நட்பே முறியும். யாருடைய சொந்த ஜிபே எண்ணிலும் நன்கொடை வாங்க வேண்டாம். எந்த மருத்துவமனைக்கோ அறக்கட்டளைக்கோ தருகிறீர்களோ, அதன் கணக்கிலேயே நேராகப் போடச் சொல்லுங்கள். வரிச்சலுகைக்கான ரசீதை அவர்கள்தான் தர முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. சிங்கப்பூர் மாமா அனுப்பும் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால் வங்கி வழியாக அனுப்பலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. பெறும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும். கணக்கு காட்டும்போது ‘செலவு போக மீதி’ என்று ஒற்றை வரியில் முடிக்காமல் பந்தல், டி-சர்ட், இட்லி என்று பிரித்து எழுதி, முதல் பிரதியை இறந்தவர் வீட்டில் கொடுங்கள்.