கடைசி நாட்களில் கூட இருப்பது: பால் ஊற்றும் முன் படியுங்கள்

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கைப்புண், டயப்பர், மருந்து நேரம் எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருப்பார். நோயாளியின் மனதுக்குத் துணையாக என்ன செய்வது என்பது மட்டும் இங்கே.

1. தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள்

நாள் போகப்போகத் தூக்கம் கூடும், பேச்சு குறையும். அதனால் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கவனித்து, ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி கேளுங்கள். யாரைப் பார்க்க ஆசை? யார் வரவே வேண்டாம்? (இதைக் கேட்க எல்லோருக்கும் சங்கடம், ஆனால் இதுதான் முக்கியம்.) கொடுக்கல் வாங்கல் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

"நான் பொழைக்க மாட்டேனா?" என்று அவரே கேட்டால் "சும்மா இருங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்று வாயை அடைக்காதீர்கள். "உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்லத்தான் ஆள் இருக்காது. "அம்மாவை நாங்க பாத்துக்கறோம்" என்ற ஒரு வரி பல பேருக்குப் போதும்.

2. கூட்டத்தைக் குறையுங்கள்

ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம். அழுகையும் ஆஸ்பத்திரிக் கதையும் ஹாலில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு வீடியோ கால் வேண்டாம் என்பேன். முகத்துக்கு நேரே வெளிச்சம், இரண்டு பக்கமும் அழுகை. அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் வாங்கி, காதருகே சன்னமாகப் போடுங்கள். பதில் வராவிட்டாலும் காது கேட்கிறது என்றே வைத்துப் பேசுங்கள். தலைமாட்டில் நின்று சொத்துக் கணக்குப் பேசக்கூடாது என்பதும் இதனால்தான்.

3. வழிபாடு அவருடையது

தேவாரமோ, குர்ஆனின் யாசீனோ, பைபிள் சங்கீதமோ, ஸ்பீக்கரில் இரவு பகலாக ஓடவிடுவதைவிட வீட்டு ஆள் ஒருவர் கால் மணி நேரம் வாசிப்பது மேல். கத்தோலிக்கர் என்றால் நோயில் பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திருக்க வேண்டாம். நினைவு இருக்கும்போதே பங்குத்தந்தையை அழையுங்கள். முஸ்லிம் என்றால் கலிமாவை அருகில் மெதுவாகச் சொன்னால் போதும். திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆயுள் முழுக்கச் சாமி கும்பிடாதவருக்கு நினைவு தப்பியதும் விபூதி பூசுவது துணை அல்ல.

4. தவிப்பு என்றால் முதலில் அடிவயிற்றைப் பாருங்கள்

துணியை இழுப்பார், எழ முயல்வார், முனகுவார். "மனசுல ஏதோ குறை இருக்கு" என்று வீடே பேச ஆரம்பிக்கும். மனக்குறைக்குப் போகும் முன் வலி, மலச்சிக்கல், காய்ச்சல், மூச்சுத்திணறல், சிறுநீர் அடைப்பு எல்லாவற்றையும் பாருங்கள். அடிவயிறு புடைத்து, பல மணி நேரம் சிறுநீர் போகவில்லையென்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிறுநீர் டியூப் போட்டதும் அடங்கிவிடும் 'ஆசைகள்' உண்டு.

செத்துப்போன அக்கா வாசலில் நிற்கிறாள் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். பயப்படாமல் இருந்தால் "என்ன சொல்றாங்க?" என்று கேளுங்கள். பயந்தால் விளக்கைப் போட்டு, கையைப் பிடித்து, நீங்கள் யார் என்று சொல்லுங்கள். பயம் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

5. பால்

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான். நினைவு மங்கும்போது விழுங்கும் திறனும் போய்விடும். வரிசையாக ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். புரையேறும், மூச்சு முட்டும். சில நேரம் இருமல்கூட வராது, அதனால் 'உள்ளே போயிடுச்சு' என்று நினைத்துவிடுவோம். மண்ணாசை என்று மண் கரைத்து ஊற்றுவதும், பொன்னாசை என்று தங்கம் உரசிய தண்ணீரும் இதே ஆபத்துதான்.

சடங்கை விட வேண்டாம், முறையை மாற்றுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை விரலில் சுற்றி, பாலிலோ துளசித் தீர்த்தத்திலோ நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிடுங்கள். உதட்டையும் கன்னத்தின் உட்புறத்தையும் தொட்டு எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து நாக்கில் ஒட்டும். பற்களுக்கு இடையில் விரலை விடாதீர்கள், கடித்துவிடுவார். எல்லோரும் தொட்டு முடித்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் வாயைத் துடையுங்கள். பால் காய்ந்தால் நாறும். மண்ணை உள்ளங்கையில் வைத்தாலே போதும்.

தொண்டையில் கரகர சத்தம் வரும். தேங்கிய எச்சில் அது. கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு சில நொடிகள் நின்று மறுபடி வருவதும் இந்தக் கட்டத்தில் இயல்பே. உலுக்கி எழுப்ப வேண்டாம்.

பிறகு சேர்த்தது: தலைமாட்டில் விளக்கு ஏற்றலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். விளக்கைப் பூஜை அறையில் ஏற்றிவிட்டு, பூவையும் விபூதியையும் மட்டும் கொண்டுவாருங்கள். ஆக்ஸிஜன் ஓடும்போது உதட்டு வெடிப்புக்கு வாசலினும் வேண்டாம், தண்ணீர் கலந்த ஜெல் வாங்குங்கள்.