வலியோடு வாழும் பிள்ளைக்கு ஆப் மட்டும் போதுமா? வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் அண்ணன் மகளுக்கு 14 வயதில் தலைவலி தொடங்கியது. கண் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், வலியைச் சமாளிக்கப் பழக்கும் பாடங்கள் உள்ள ஒரு ஆப்பையும் போனில் ஏற்றச் சொன்னார். மூச்சுப் பயிற்சி, தூக்கப் பழக்கம், பயத்தைக் கையாளும் விதம் என்று நல்ல விஷயங்கள்தான் அதில் இருந்தன. பிசகியது எங்கள் பக்கம்.

"இன்னைக்கு வலி எவ்வளவு, பத்துக்கு?" பள்ளி விட்டு வந்ததும் அண்ணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் கேட்டிருக்கிறேன். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் கேட்கிற ஒவ்வொரு முறையும் அவள் கவனம் மறுபடி வலிக்கே போகிறது. எண் குறையாவிட்டால் 'ஆப் வேலை செய்யவில்லை' என்ற முடிவுக்கும் நாம் வந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான்.

அமெரிக்காவின் சியாட்டிலில் டோனியா பலேர்மோ என்ற உளவியலாளரின் குழு, 'வெப்மேப்' என்ற இணையவழிப் பயிற்சியை வளரிளம் பருவத்தினருக்காகவே உருவாக்கியது. நாள்பட்ட வலியுள்ள 273 பிள்ளைகளிடம் அதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வலியைப் பற்றிய தகவல்களை மட்டும் படித்த பிள்ளைகளைவிட, பயிற்சி எடுத்தவர்களால் ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளை அதிகம் செய்ய முடிந்தது. வலியின் அளவிலோ இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது வலியில் வித்தியாசம் தெரியாவிட்டாலும், வாழ்க்கை முதலில் திரும்பலாம். அதனால் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: இந்த வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனாள், தோழி வீட்டுக்குப் போனாளா, ராத்திரி தூங்கினாளா?

அதே வெப்மேப்பில் பெற்றோருக்கும் தனியாகப் பாடங்கள் உண்டு. போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை 'வலிக்குது' என்றதும் லீவு போடச் சொல்வோம், தட்டைக்கூட எடுக்க விடமாட்டோம், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அன்புதான். ஆனால் அவள் உலகம் கட்டிலளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்காக அதட்டி அனுப்பச் சொல்லவில்லை. "வலிக்குதுன்னு தெரியுதும்மா. முதல் ரெண்டு பீரியட் இருந்து பார், முடியலைன்னா கூப்பிடு" என்று பேசிப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, 'எல்லாம் மனசுலதான்' என்ற பேச்சு. மனநலப் பயிற்சி என்றதுமே சொந்தக்காரர்கள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள், பிள்ளை அன்றோடு ஆப்பைத் திறக்க மாட்டாள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், உடம்பில் புதிதாகக் காயம் இல்லாவிட்டாலும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருக்கக்கூடும். வலி நிஜம். பயமும் தூக்கமின்மையும் அந்த மணியை இன்னும் உரக்க அடிக்க வைக்கும் என்பதால்தான் இந்தப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மருந்து ஆகியவற்றைப் பேசுகிறது. உளவியல் சிகிச்சையை நேரிலும் தரலாம், தொலைவிலிருந்தும் தரலாம் என்கிறது.

வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பாக்கி ரெக்கார்ட் நோட்டு முழுவதையும் முடிக்க விடாதீர்கள். திங்கள், செவ்வாய் இரண்டும் படுக்கையில் போகும். நல்ல நாளோ கெட்ட நாளோ, அளவாகப் பிரித்துச் செய்யப் பழக்குவது இந்தப் பாடங்களில் முக்கியமான ஒன்று.

அப்புறம், அவள் ஆப்பில் எழுதும் டைரி. எட்டிப் பார்க்காதீர்கள். நாம் படிக்கிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து உண்மையை எழுத மாட்டாள். யார் எதைப் பார்க்கலாம் என்று அவளோடு உட்கார்ந்து முதலிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. ஆப் அந்தத் தகவலை யாரோடு பகிர்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மொழியையும் யாரும் யோசிப்பதில்லை. இப்படிப்பட்ட பல ஆப்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகளிடம் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. பத்துக்கு ஏழு என்று மட்டும் அழுத்திவிட்டால் அது போய்விடுகிறது. எண்ணோடு சேர்த்து, தமிழிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஆப் இருக்கிறதே என்று மருத்துவரைத் தள்ளிப்போடுவது ஆபத்து. காய்ச்சல், எடை குறைதல், மூட்டு வீக்கம், தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, காலையில் வாந்தி, கை கால் பலவீனம் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே நேரில் காட்ட வேண்டும்.

'இருந்து என்ன பயன்' என்பது போல அவள் பேசினாலோ எழுதினாலோ ஆப்பையும் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள், நேராகக் கேளுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பெற்றோரும் கூப்பிடலாம்.