புது நெட்வொர்க் கார்டு போட்டதும் சர்வர் முரண்டு பிடித்தால்

இரண்டு ப்ராசஸர் உள்ள சர்வரில் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு போட்ட அன்றே தொல்லை ஆரம்பித்தால், உடனே கார்டைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 18 வருடமாக ஒரு நூற்பாலையின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். கார்டு போய்விட்டது என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருந்தது. அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது, தன் இன்டரப்டை எந்த வழியாக எந்த ப்ராசஸருக்கு அனுப்புகிறது என்பதில்தான் சிக்கல். இன்டரப்ட் என்பது 'என்னைக் கவனி' என்று கார்டு ப்ராசஸருக்குத் தரும் சைகை. நான் தேடும் வரிசையிலேயே சொல்கிறேன். எங்களுடையது லினக்ஸ்.

முதலில், பொருத்தியுள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து, பட்டியலில் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்லாட்டைச் சந்தேகப்படுங்கள். இரட்டை ப்ராசஸர் போர்டில் ஒவ்வொரு ஸ்லாட்டும் பெரும்பாலும் ஏதாவது ஒரு ப்ராசஸரோடு நேரடியாக இணைந்திருக்கும். இரண்டாவது ப்ராசஸருக்கான சாக்கெட் காலியாக இருந்தால் அதைச் சேர்ந்த ஸ்லாட்டுகளுக்கு உயிர் இருக்காது. ஒரே ப்ராசஸரோடு வாங்கிய பழைய சர்வர் ஒன்றில் இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் கார்டின் முனைகளை அழிரப்பரால் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தில் அந்த ஸ்லாட்டுக்கு நேராக 2 என்ற எண் இருந்தது. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றியதும் கார்டு வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு தெரிகிறது, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க்கும் சேர்ந்து போய்விட்டது என்றால் பெயரைப் பாருங்கள். இப்போது லினக்ஸ் பல கார்டுகளுக்குப் பஸ் எண்ணை (கார்டு போர்டில் எந்தப் பாதையில் இருக்கிறது என்று காட்டும் எண்) வைத்துத்தான் பெயர் வைக்கிறது. புது கார்டு நுழைந்ததும் பஸ் எண்கள் நகர்ந்து, நேற்று ஈஎன்பி3எஸ்0 என்றிருந்தது இன்று ஈஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். அமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். கார்டுக்கே உரிய எண்ணான மேக் முகவரியை வைத்துப் பெயரைக் கட்டிப்போட்டால் சரியாகிவிடும்.

ரொம்பப் படுத்துவது அடுத்த வகை. எல்லாம் நன்றாக ஓடும், திடீரென்று கார்டு ஊமையாகிவிடும். எங்கள் கோப்பு சர்வர் ஒன்று மதியம் 2 மணி ஷிப்ட் மாறும் நேரத்துக்குச் சரியாக அறுந்துபோனது. கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினோம், கார்டையே மாற்றினோம். மறுநாள் 2 மணிக்கு மறுபடியும் அதேதான். கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எழுதும் டிமெசேஜ் பதிவில் 16ஆம் இன்டரப்ட் லைன் பற்றி 'நோபடி கேர்ட்' (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று ஒரு வரியும், அந்த லைனையே மூடிவிட்டதாக இன்னொரு வரியும் இருந்தன.

அதன் அர்த்தம் புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய முறையில் பிசிஐ கார்டுகள் நான்கே நான்கு இன்டரப்ட் கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அவை போய்ச் சேரும் இடம், இன்டரப்டுகளை ப்ராசஸர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஐஓ-ஏபிஐசி சிப். அதில் வழக்கமாக 24 வாசல்கள்தான். ஆகவே ஒரே லைனில் இரண்டு மூன்று சாதனங்கள் இருக்கும். லைனில் சத்தம் வந்ததும் கெர்னல், அந்தச் சாதனங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்களை ஒவ்வொன்றாக 'உன்னுடையதா' என்று கேட்கும். 1,00,000 முறை கேட்டு 99,900க்கும் மேல் யாருமே ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அந்த லைனையே மூடிவிடும். சத்தம் போட்டது ஒருவர், அதே லைனில் இருக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை.

ப்ராக் கோப்பகத்தில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் இரண்டு பெயர்கள் இருந்தால் அவை பங்காளிகள். எங்கள் 16ஆம் லைனில் நெட்வொர்க் கார்டோடு யுஎஸ்பி கன்ட்ரோலரும் இருந்தது. தினமும் 2 மணிக்குத்தான் பேக்கப் டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகுவார்கள்!

ஆனால் இன்றைய கார்டு ஏன் பழைய கம்பியில் போக வேண்டும்? எம்எஸ்ஐ முறையில் கார்டு தன் இன்டரப்டைச் செய்தியாக நினைவகத்தில் எழுதி அனுப்பும், யாரோடும் பகிர வேண்டாம். அதன் விரிவான எம்எஸ்ஐ-எக்ஸ் என்றால் ஒரு கார்டுக்கு 2048 இன்டரப்டுகள் வரை கிடைக்கும். இன்டரப்ட்ஸ் கோப்பில் கார்டின் வரியில் பிசிஐ-எம்எஸ்ஐ என்று இருக்க வேண்டும், எங்களுடையதில் ஐஓ-ஏபிஐசி என்று இருந்தது. சர்வர் தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் கட்டளை வரியைப் பார்த்தேன். முன்பு ஏதோ ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) பிரச்சினைக்காக 'நோஎம்எஸ்ஐ' (எம்எஸ்ஐ வேண்டாம்) போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ரெய்டு கார்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அந்தச் சொல்லை எடுத்ததும் நெட்வொர்க் கார்டுக்குத் தனி லைன்கள் கிடைத்தன. 2 மணிக்கு அறுந்துபோவது அன்றோடு நின்றது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'நோஏபிஐசி' (ஐஓ-ஏபிஐசியைப் பயன்படுத்தாதே), 'ஐஆர்கியூபோல்' (யாரும் ஏற்காத இன்டரப்டுக்கு எல்லா டிரைவரையும் கேள்) போன்ற பூட் சொற்களைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். நோஏபிஐசி போட்டால் இன்டரப்ட் கம்பிகள் பழைய 15 லைன்களுக்குள் சுருங்கி, நெரிசல் கூடிவிடும். அதைப் போட்டுச் சரியானால், பயாஸ் தரும் இன்டரப்ட் அட்டவணை தப்பு என்று சந்தேகித்து பயாஸைப் புதுப்பியுங்கள். 'மேக்ஸ்சிபியுஸ்=1' (ஒரே கோரோடு ஓடு) போட்டதும் கோளாறு மறைந்தால், இன்டரப்ட் போகும் வழியிலோ டிரைவரிலோ தேடுங்கள்.

பிழையே இல்லை, வெறும் மந்தம் என்றால் அதே கோப்பில் ஒவ்வொரு ப்ராசஸர் கோருக்கும் உள்ள பத்தியைப் பாருங்கள். கார்டின் எண்ணிக்கை முழுவதும் சிபியு0 பத்தியிலேயே ஏறிக்கொண்டிருந்தால், ஒரு கோர் மூச்சுத்திணற மற்றவை சும்மா இருக்கின்றன. இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஆர்கியூபேலன்ஸ் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். கையால் பிரிப்பதாக இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் நீங்கள் எழுதியதை அது மாற்றிவிடும். கார்டு எந்த ப்ராசஸரைச் சேர்ந்தது என்பது, சிஸ் கோப்பகத்தில் கார்டின் டிவைஸ் பகுதியில் உள்ள நூமா_நோட் கோப்பில் இருக்கும். அந்தப் பக்கத்துக் கோர்களுக்கே இன்டரப்டைக் கொடுங்கள். எதிர்ப்பக்கம் கொடுத்தால் தரவு இரண்டு ப்ராசஸருக்கும் நடுவே உள்ள பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஸ்லாட்டின் அகலம். நீளமான ஸ்லாட் என்பதால் உள்ளே 8 லேனும் (தரவு போகும் தடங்கள்) இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. 4 லேன் என்றால் 2 ஜிபி. இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டுகள் முழு வேகத்தில் ஓட 2.5 ஜிபி வேண்டும். எல்எஸ்பிசிஐக்கு இரண்டு வி சேர்த்தால், கார்டால் முடிந்த அகலமும் இப்போது கிடைத்த அகலமும் தனித்தனி வரியில் வரும்.

சரிசெய்த பிறகு, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃபை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். கூடவே டிஸ்க்கிலும் யுஎஸ்பியிலும் பெரிய கோப்புகளை நகலெடுங்கள். முடிந்ததும், கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளை தரும் பிழை எண்ணிக்கைகளையும் டிமெசேஜையும் பார்த்துவிட்டு, இன்டரப்ட்ஸ் கோப்பின் நகல் ஒன்றை அன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள்.