தாய்லாந்து மொழியில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் வருகிறதா? என் அனுபவம்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் விலை கேட்டால் கடைக்காரர்கள் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டிவிடுவார்கள். எனக்குச் சொற்கள் தெரியும், ஆனால் பேச்சு நகரவில்லை.

காரணம் பிடிபட்டது வரோரோட் சந்தையில், பழம் விற்கும் ஓர் அக்காவிடம். நாம் கேள்வி கேட்டால் கடைசியில் குரலைத் தூக்குவோம். அந்த மொழியிலோ ஏற்ற இறக்கம் சொல்லோடு ஒட்டியது. மொத்தம் 5 தொனிகள். குரல் மாறினால் சொல்லே மாறிவிடும். 'க்லை' என்பதைச் சமமாகச் சொன்னால் தூரம், மேலிருந்து இறக்கினால் பக்கம். வழி கேட்பவருக்கு இது பெரிய விஷயம்!

அதற்குப் பிறகு கூட்டமில்லாத காலை நேரத்தில்தான் போவேன். 'தாவ் ரை க்ரப்' (என்ன விலை? 'க்ரப்' ஆண்கள் கடைசியில் சேர்க்கும் மரியாதைச் சொல்) என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் விலையை அதே ராகத்தில் திருப்பிச் சொல்வேன். அவர் 'ஹா ஸிப்' என்றால் நானும் 'ஹா ஸிப்'. 50 பாட். தொனி பிசகினால் அக்கா விரலைக் காற்றில் மேலிருந்து கீழே இழுத்துக் காட்டுவார். சரியாக வரும்வரை பழத்தைப் பையில் போடமாட்டார். எந்தச் செயலியும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை. சிவப்பு சோங்தேவ் (பலர் சேர்ந்து ஏறும் வாடகை வண்டி) ஓட்டுநர்களிடமும் இதே முறைதான்: ஏறும் முன் இடத்தின் பெயர், அவர் சொல்வதைக் கேட்டு மறுபடி ஒருமுறை.

பெண்கள் 'க்ரப்' இடத்தில் 'கா' சொல்ல வேண்டும். இன்னொன்று, அங்குள்ளவர்கள் தங்களுக்குள் வடக்குத் தாய்லாந்தின் கம் முவாங் மொழியைப் பேசுவார்கள். அது புரியவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். நம்மிடம் நாடு முழுதும் பேசும் பொதுவான தாய்லாந்து மொழியில்தான் பேசுவார்கள்.