28 ஜிகாஹெர்ட்ஸில் பீமைத் திருப்புவது எப்படி? நம்பையில் 64 உறுப்பு ஆண்டெனா வரிசை

30 பாகை என்று கொடுத்தால் பீம் (ஆண்டெனா வரிசை ஒரு திசையில் குவித்து அனுப்பும் ரேடியோ அலை) மைனஸ் 30-இல் போய் நிற்கிறதா? நேராக மூன்றாம் படிக்குப் போங்கள். பைத்தானும் அதன் கணக்குத் தொகுப்பான நம்பையும் (NumPy) ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை ஆண்டெனா எதற்கு? அதிர்வெண் பத்து மடங்கானால், அதே ஈட்டமுள்ள (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறனுள்ள) ஆண்டெனாக்களுக்கிடையே இழப்பு 20 டெசிபல் ஏறும். 64 உறுப்புகள் சேர்ந்தால் அதில் 18 டெசிபலை மீட்டுவிடலாம்.

படி 1: இடைவெளி. 28 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மி.மீ. அதில் பாதி, அதாவது 5.35 மி.மீ. வையுங்கள். மொத்த வரிசையும் 34 செ.மீ.க்குள் அடங்கிவிடும். முழு அலைநீளம் வைத்தால், 30-க்குத் திருப்பும் பீமுக்கு மைனஸ் 30-இல் அதே பலத்தில் ஓர் இரட்டை முளைக்கும்.

படி 2: திசை வெக்டர், அதாவது ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு 1 உள்ள ஒரு சிக்கலெண். ஒவ்வோர் உறுப்பின் ஃபேஸ் (அலைச் சுழற்சியில் அது நிற்கும் நிலை) = பை × உறுப்பு எண் × சைன் கோணம். எண் 0 முதல் 63 வரை. கோணம் ரேடியனில்.

படி 3: எடை, அதாவது ஒவ்வோர் உறுப்பின் சிக்னலையும் பெருக்கும் எண். வேண்டிய கோணத்தின் திசை வெக்டரே எடை. ஆனால் பெருக்கும்போது அதன் இணைச் சிக்கலெண்ணை (கற்பனைப் பகுதியின் குறியை மாற்றியதை) எடுக்க வேண்டும். மேட்லாப் (MATLAB) மென்பொருளில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் இடமாற்றமும் இணையும் சேர்ந்தே நடந்துவிடும். நம்பையின் 'டி' (.T) வெறும் இடமாற்றம்தான் செய்யும். இணையை 'காஞ்' (conj) போட்டு நீங்கள்தான் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஃபேஸ்கள் கழிவதற்குப் பதில் கூடி, பீம் எதிர்ப்பக்கம் சாயும். பிழைச் செய்தி எதுவும் வராது. 0 பாகையில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் அங்கே ஃபேஸ் எல்லாமே சுழியம். அதனால் முதல் சோதனையையே 30-இல் செய்யுங்கள்.

படி 4: வரைபடம். மைனஸ் 90 முதல் 90 வரை, 0.1 பாகை இடைவெளியில். நேர்த்திசையில் (0 பாகையில்) பீமின் அகலமே சுமார் 1.6 பாகைதான், 1 பாகை இடைவெளி போதாது. முதல் பக்கமடல் (முதன்மை பீமுக்குப் பக்கத்தில் முளைக்கும் சிறு பீம்) உச்சிக்கு 13.3 டெசிபல் கீழே இருந்தால் கணக்கு சரி. வட்ட வரைபடம் பார்க்க அழகு, ஆனால் இவ்வளவு ஒல்லியான பீமில் அது எதையும் காட்டாது. நான் சாதாரண அச்சில்தான் வரைவேன்.

இந்தக் கணக்கு தொலைபுலத்துக்கு, அதாவது அலைமுகப்பு தட்டையாகத் தெரியும் தொலைவுக்கு மட்டுமே. இந்த வரிசைக்கு அது தொடங்குவது சுமார் 21 மீட்டரில். அதற்குள் இருக்கும் பயனருக்கு அலைமுகப்பின் வளைவையும் சேர்க்க வேண்டும்.

பிற்சேர்க்கை: பட்டை அகலத்தை (சிக்னல் பரவும் அதிர்வெண் வீச்சை) கூட்டினால் பீம் நகர்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நகரத்தான் செய்யும். எடைகள் 28-க்குக் கணக்கிட்டவை. 60 பாகைக்குத் திருப்பிய பீம் 28.4 ஜிகாஹெர்ட்ஸில் 58.6-க்கு வந்துவிடும், 60-இல் 2.4 டெசிபல் போய்விடும். இதற்குத் தீர்வு ஃபேஸ் மாற்றி அல்ல, நேரத் தாமதம். நீங்களே பார்க்க வேண்டுமானால் எடையைத் தொடாமல், இரண்டாம் படியின் ஃபேஸை மட்டும் 28.4/28 ஆல் பெருக்கி மறுபடி வரையுங்கள்.