துக்க வீட்டுக்கும் ஒரு திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். முதல் ஞாயிறன்று ஏற்றும் மெழுகுவர்த்தியைப் பல ஆலயங்களில் நம்பிக்கையின் தீபம் என்பார்கள். அந்த வாரத்திலேயே, இந்த ஆண்டு மரணம் நேர்ந்த ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். நம் ஊர்களில் அப்படிப்பட்ட வீட்டு வாசலில் பெரும்பாலும் நட்சத்திரம் தொங்காது. கேரல் குழுவும் தயங்கிக் கடந்துவிடும். பாட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்வதை உள்ளே இருந்து கேட்பது எவ்வளவு கொடுமை!

முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று பேர் போதும். பலகாரத்துக்குப் பதில் இரவுச் சாப்பாடு கொண்டுபோனால் உதவியாக இருக்கும். பைபிளிலிருந்து சங்கீதம் 130-ஐ மெதுவாக வாசியுங்கள், எட்டே வசனங்கள்தான். விடியலுக்குக் காத்திருக்கும் காவலாளியைவிட ஏக்கத்தோடு ஆண்டவருக்காகக் காத்திருக்கும் ஒருவரின் ஜெபம் அது. ஆழத்திலிருந்து கூப்பிடுகிற அந்தக் குரல் அவர்களுக்கு உடனே புரியும். பிறகு இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பலரும் அந்தப் பெயரையே தவிர்த்திருப்பார்கள். "எல்லாம் தேவசித்தம்" என்ற ஆறுதலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அழுதால் அழட்டும், கூடவே இருங்கள்.

கிளம்பும்போது, டிசம்பர் 24 இரவு ஆராதனைக்கு அழைத்துப்போக வருவதாகச் சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்டால் கடைசி வரிசையில் அவர்களோடு உட்காருங்கள். நடுவில் எழுந்து வர நேர்ந்தாலும் பரவாயில்லை.